ஏழாம் மாதத்து வளையல்

என் வயிற்றில் இருந்தது என்ன என்பதைப் பற்றி எங்கள் ஊர் லாங் மவுண்டனில் இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது. பிள்ளைதான், டாக்டர் வெட்டி எடுத்துவிட்டார் என்பது ஒரு கட்சி. பிள்ளையே இல்லை, ஞானம்மாள் ஊரை ஏமாற்றினாள் என்பது இன்னொன்று. இரண்டு கட்சிக்காரர்களும் என் வீட்டுக் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். ஆனால் ஒருவரும் முகத்துக்கு நேரே கேட்பதில்லை. கேட்காதவர்களுக்கும் சேர்த்து இதை எழுதி வைக்கிறேன். மிஷன் பள்ளியில் நாலாவது வரை படித்ததற்கு இதுவரை வேறு பலன் இல்லை.

எங்களுக்கு மலையடிவாரத்தில் மூன்று ஆர்ப்பான், ஏறக்குறைய மூன்று ஏக்கர், கரும்பு நிலம். என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம், கூலி கொடுத்தாலும் பேசாத மனுஷர். நான் அவருக்கும் சேர்த்துப் பேசுவேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் பிள்ளை இல்லை. பன்னிரண்டாம் வருஷம் தூரம் நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று வாய் திறக்காமல் எண்ணினேன். நாலாம் மாதம் பாவாடை நாடா எட்டவில்லை. அன்றைக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார், பிறகு தண்ணீர் குடித்து முடித்த மாட்டுக்கே இன்னொரு தடவை தண்ணீர் காட்டினார்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கர்த்தருக்கு நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காணிக்கையோடு ஒரு சீட்டும் வைப்பார்கள். அதில் பெயரும் காரணமும் எழுதியிருக்கும். உபதேசியார் சத்தமாக வாசிப்பார், சபை ஆமென் சொல்லும். மாடு பிழைத்ததற்காக, புயலில் கூரை தப்பியதற்காக, மகனுக்கு ஆலையில் வேலை கிடைத்ததற்காக. பிள்ளைப்பேற்றுக்கும் வைப்பார்கள், ஆனால் பிள்ளை பிறந்து தாய் எழுந்து நடந்த பிறகுதான்.

நான் ஐந்தாம் மாதமே வைத்தேன். நன்றி பொங்கி வழிந்ததால் வைத்தேன் என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அது இல்லை. கரும்பு வெட்டுக் காலம் தொடங்குவதற்கு முன்னே, வண்டி ஏற்றும் மேஸ்திரியான ஆலை சர்தாருக்கு ஒரு தார் வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுப்போம். வாங்கிக்கொண்டால் நம் கரும்பை அவன் முதலில் ஏற்றியாக வேண்டும், பின்வாங்க முடியாது. கர்த்தரையும் அப்படித்தான் கட்டிப்போடப் பார்த்தேன். சபை முழுக்கக் கேட்க நன்றி சொல்லிவிட்டால் அவர் கொடுத்துத்தானே ஆக வேண்டும். 'பிள்ளைப்பேறு அருளியதற்காக' என்று உபதேசியார் வாசித்தபோது நான் தலையைக் குனிந்திருந்தது பக்தியால் இல்லை, சிரிப்பை அடக்க.

ஏழாம் மாதம் என் அக்கா வீரம்மா வளையல் கொண்டுவந்தாள். நான் கல்யாணத்தின்போது ஞானஸ்நானம் எடுத்தவள். அக்கா அப்பாவின் வழியிலேயே நின்றுவிட்டாள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பாள். மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறாள். சாமி வேறு, முருங்கைக்கீரைக் குழம்பு ஒன்று என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்.

"உபதேசியாருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு," என்றேன்.

"உங்க உபதேசியாரா பெத்துக்கப் போறாரு? கைய நீட்டு. வயித்துல இருக்கிற பிள்ள இந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் வளரும்."

பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள், கைக்கு ஏழு. அன்று முதல் அம்மி அரைக்கும்போது வேண்டுமென்றே கையை ஆட்டி அரைத்தேன். உள்ளே உதைத்தது. அண்டை வீட்டுப் பெண்களை எல்லாம் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்க விட்டேன். அவர்களும் தொட்டுப் பார்த்து ஆமாம் என்றார்கள். உதைத்தது வாய்வு என்று பிறகுதான் தெரிந்தது. இன்றும் அதை நினைத்தால் ஒரு பக்கம் சிரிப்பு வருகிறது, ஒரு பக்கம் கண் நிறைகிறது.

எட்டாம் மாதம் ஒரு காலையில் இடது பக்கம் சுருக்கென்று பிடித்தது. வாந்தி எடுத்தேன். மருத்துவச்சி வந்து, வலி முன்கூட்டியே வந்துவிட்டது என்று வெந்நீர் வைத்தாள். மத்தியானம் வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றவள், "இது பிள்ள வலி மாதிரி இல்ல, பட்டணத்துக்குக் கொண்டுபோங்க," என்றாள். கரும்புச் சோகையை மாட்டுவண்டியில் மெத்தை போலப் பரப்பி என் வீட்டுக்காரர் என்னை ரயிலடிக்குக் கொண்டுபோனார். அக்காவும் கூட வந்தாள். அங்கிருந்து போர்ட் லூயி ஆஸ்பத்திரி. வழி முழுக்க அவர் சொன்னது ஒன்றுதான்: "கல்லு வருது, பிடிச்சுக்க."

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடம் ஒரு நீண்ட தாழ்வாரம். பெஞ்சில் எனக்கு முன்னால் பன்னிரண்டு பேர். மலேரியாக் காய்ச்சலில் நடுங்குகிறவர்கள், கத்தி பட்டு காலில் துணி சுற்றிய வெட்டுக்காரர்கள். என்னைப் பார்த்ததும் எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கிற இடம். நானும் வாங்கிக்கொண்டேன்.

டாக்டர் வெள்ளைக்காரர், வயதானவர், எங்கள் தீவின் கிரியோல் பேச்சை நன்றாகப் பேசினார். என் வயிற்றின்மேல் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டித் தட்டிக் கேட்டார், பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி. பிறகு ஒரு மரக்குழலை எடுத்தார். ஊமத்தம்பூ போல ஒரு முனை விரிந்திருக்கும். விரிந்த முனையை வயிற்றிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். இடம் மாற்றி மாற்றி வெகுநேரம் கேட்டார். மறுநாள் இன்னொரு டாக்டரையும் கூட்டிவந்து அதையே செய்தார். மூத்திரம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். வலி அதற்குள் குறைந்திருந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று நான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் டாக்டர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். பிள்ளை இல்லை. இருப்பது ஒரு கட்டி.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் வாதுமைக்கொட்டை அளவில் இரண்டு உறுப்புகள் உண்டு. பிள்ளைக்கான முட்டை அங்கேதான் உண்டாகிறது. எனக்கு இடது பக்கத்தில் இருந்தது தண்ணீர் நிறைந்த பையாக ஊதிப் பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. அந்தப் பை ஒரு காம்பில் தொங்குகிறது. காம்பு முறுக்கிக்கொண்டதால்தான் வலி. இப்போது முறுக்கு பாதி பிரிந்திருக்கிறது. மறுபடி முழுக்க முறுக்கினாலோ பை வெடித்தாலோ நான் பிழைக்க மாட்டேன். மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து எடுத்துவிடலாம். அதிலும் ஆபத்து உண்டு, ஆனால் அது குறைவு.

"நாளை மறுநாள் காலை செய்ய வேண்டும். சம்மதம் என்று நீயும் புருஷனும் கைநாட்டு வைக்க வேண்டும்," என்றார்.

"மாட்டேன்," என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

அந்த இரண்டு நாள்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகிற எல்லோருக்கும் நடக்கிறதுதான்.

நான் ஏன் மாட்டேன் என்றேன் தெரியுமா? கத்திக்குப் பயந்து இல்லை. பயம் இருந்தது, ஆனால் அதற்காக இல்லை. நன்றிச் சீட்டு வாசித்தாகிவிட்டது. சபை ஆமென் சொல்லிவிட்டது. இப்போது கைநாட்டு வைத்தால் கர்த்தர் தரவில்லை என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். டாக்டரை நம்பினால் கர்த்தரை நம்பவில்லை என்றாகும். ஒருவேளை இது எனக்குச் சோதனையோ? வயது போன பிறகு பிள்ளை பெற்றவர்களைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் பொறுத்திருந்தால் உள்ளே இருப்பது அழுமோ? நான் சம்மதித்து, கத்தி பட்டு, அது பிள்ளையாக இருந்துவிட்டால்?

அக்கா என் பக்கம்தான். அவள் பட்டணத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கித் தினமும் ரசம் கொண்டுவந்தாள். "கைநாட்டு வைக்காத. நான் மாரியம்மனுக்கு முடிஞ்சு வெச்சிருக்கேன். உன் சாமியும் என் சாமியும் ரெண்டு பேருமா கைவிடுவாங்க?" என்றாள். அவள் வந்தவுடன் முதல் வேலையாக என் கையைப் பிடித்து வளையலைக் குலுக்குவாள், உள்ளே இருப்பதை எழுப்புகிறவள் மாதிரி.

உபதேசியாருக்குச் சொல்லி அனுப்பினோம். மறுநாள் காலை ரயிலில் வந்தார். நான் கேட்டேன், "ஐயா, நீங்கதானே வாசிச்சீங்க. இப்ப நான் சம்மதிச்சா அது அவிசுவாசம் இல்லையா?"

அவர் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷர். அவருக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். "எனக்குத் தெரியலம்மா," என்றார். "தெரிஞ்ச மாதிரி பேசலாம். ஆனா இது உன் உசிரு." ஜெபம் பண்ணினார். அதிலும் எது வேண்டும் என்று கேட்கவில்லை, என் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குக் கோபமாக வந்தது. தெரியாது என்று சொல்லவா இவ்வளவு தூரம் வந்தார் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் கட்டில் பக்கத்தில் நின்று வேட்டி முனையால் ஈ விரட்டிக்கொண்டிருந்தார். "நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்க," என்றேன்.

"நீ வீட்டுக்கு வரணும்," என்றார்.

"பிள்ளையோடயா, பிள்ள இல்லாமயா?"

"நீ வரணும்." அவ்வளவுதான்.

பக்கத்துக் கட்டிலில் கிளெமான்ஸ் என்ற கிரியோல் பெண் இருந்தாள். அவளுக்கும் எட்டு மாதம், கால் வீங்கியதால் சேர்த்திருந்தார்கள். எங்கள் பேச்சு தமிழில் நடந்தாலும் முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துவைத்திருந்தாள். "பா பேர், மோ சேர்," என்பாள் அடிக்கடி. பயப்படாதே சகோதரி என்று அர்த்தம். அன்று சாயங்காலம் நர்ஸ் மரக்குழலை எடுத்துவந்து அவள் வயிற்றில் வைத்துக் கேட்டாள். அக்கா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளெமான்ஸ் சிரித்து, அக்காவைக் கைகாட்டி அழைத்து, நர்ஸிடம் ஏதோ சொன்னாள். நர்ஸ் குழலை அக்கா கையில் கொடுத்தாள்.

அக்கா குனிந்து காதை வைத்தாள். உடனே அவள் முகம் மாறிவிட்டது. "குதிர ஓடுற மாதிரி இருக்கு ஞானம்," என்றாள். "டக்கு டக்குன்னு. அவ்வளவு வேகமா."

பிறகு யாரையும் கேட்காமல் குழலை எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தாள். சேலையை விலக்கி, வயிற்றில் வைத்து, காதைப் பொருத்தினாள். நர்ஸ் தடுக்கவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கர்த்தாவே, இப்போது, இப்போது ஒரே ஒரு தடவை என்று கேட்டேன். அக்கா மேலே கேட்டாள், கீழே கேட்டாள், வலது பக்கம், இடது பக்கம். "கைய ஆட்டாத, வளையல் சத்தம் போடுது," என்றாள். கையை மார்பின்மேல் அசையாமல் வைத்துக்கொண்டேன். மறுபடி முதலிலிருந்து கேட்டாள். அவள் உச்சந்தலையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நரை இவ்வளவு வந்துவிட்டதா என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

அக்கா எழுந்து குழலை நர்ஸிடம் கொடுத்தாள். தொட்டியில் இருந்த சோப்பை நனைத்து எடுத்துவந்தாள். என் இடது கையை மடியில் வைத்து நுரைத்து, முதல் வளையலை மெதுவாக உருட்டிக் கழற்றினாள். வளையலை உடைக்கக்கூடாது, உடைத்தால் சகுனம் ஆகாது, அதனால் ஒவ்வொன்றாக. கை வீங்கியிருந்ததால் வலித்தது. ஏழும் கழன்ற பிறகு வலது கையை எடுத்தாள். பதினாலு வளையலையும் தன் முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். கிளெமான்ஸ் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அழுது முடித்த பிறகு கிடந்து யோசித்தேன். நான் கர்த்தரை நம்பினேன் என்று சொன்னதெல்லாம் என்ன? நான் கேட்டதை அவர் தருவார் என்று நம்பினேன். அவரை நம்பியது எப்போது? பிள்ளையைத் தரவில்லையென்றால் அவரோடு எனக்கு என்ன பேச்சு என்றல்லவா இருந்தேன். சர்தாரிடம்கூட அப்படி நடந்துகொள்ள மாட்டோம், அடுத்த வருஷமும் கரும்பு இருக்கிறதே என்று விட்டுக்கொடுப்போம். எனக்கு ஒன்றும் பளிச்சென்று விளங்கவில்லை. யாரும் காதில் வந்து பேசவில்லை. நாளைக்கு ஆபரேஷன் கட்டில்மேல் என்னைத் தூக்கிப்போடுகிறபோது, உள்ளே இருப்பது எதுவானாலும், நான் எழுந்தாலும் எழாவிட்டாலும், அவர் கையில்தான் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். உணர்ச்சி ஒன்றும் வரவில்லை. முடிவுதான் செய்தேன். நர்ஸைக் கூப்பிட்டுக் காகிதம் கொண்டுவரச் சொன்னேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், போட்டேன். என் வீட்டுக்காரர் பெருவிரல் வைத்தார். வைத்த விரலை வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

காலையில் ஒரு வெள்ளைத் துணியை மூக்கில் வைத்து அதன்மேல் மருந்தைச் சொட்டினார்கள். குளோரோபாம். அழுகின பழம் மாதிரி ஒரு இனிப்பு வாசனை. எண்ணச் சொன்னார்கள். தமிழில் எண்ணினேன். ஏழு வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தபோது வந்த மாதிரி ஒரு துக்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. உயிரோடிருக்கிறேன் என்ற சந்தோஷம் மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. தண்ணீர் கொடுக்கமாட்டார்கள், நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைப்பார்கள். இருமினால் தையல் இழுக்கும், சிரித்தாலும் இழுக்கும். கட்டியை டாக்டர் என் வீட்டுக்காரருக்குக் காட்டினாராம். "என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன். "தண்ணி," என்றார். கொஞ்சம் கழித்து, "பிள்ள இல்ல ஞானம். நல்லாப் பாத்தேன்," என்றார். அவர் அப்படி நல்லாப் பார்த்ததற்கு நான் சாகும்வரை கடன்பட்டிருக்கிறேன்.

நம்புவது ஒரு தடவை செய்துமுடிக்கிற வேலை இல்லை என்பது அந்த மூன்று வாரத்தில்தான் தெரிந்தது. களை மாதிரி, எடுத்த இடத்திலேயே மறுபடி பயம் முளைக்கும். டாக்டர் தையலைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தால் முளைக்கும். கஞ்சி ஒரு வாய் வாந்தியானால் முளைக்கும். ஒவ்வொரு காலையும் மறுபடி அதே முடிவைச் செய்வேன். சில காலைகளில் செய்யவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அந்த நாட்களிலும் அக்கா ரசம் கொண்டுவந்தாள், சூரியன் வந்தது, நானும் இருந்தேன்.

பத்தாம் நாள் கிளெமான்ஸுக்குப் பெண் பிறந்தது. நான் பார்க்க மாட்டேன் என்று போர்வைக்குள் போய்விட்டேன். அது அழுகிற சத்தத்துக்குப் போர்வை போதவில்லை. சாயங்காலம் அவளே கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் கட்டிலுக்குப் போனாள். அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். அக்கா சொன்னது சரிதான்.

பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று என் வீட்டுக்காரர் செய்துவைத்திருந்த தொட்டிலை, என்னைக் கேட்காமலே கிளெமான்ஸ் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து தொட்டில் இருந்த மூலை காலியாக இருந்ததைப் பார்த்துத்தான் தெரியும். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அவர் வழக்கமாகவே பேசாதவர் ஆதலால் வீட்டில் சத்தமே இல்லை. நாலாம் நாள் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "மூலையில இருந்தா நீ தினமும் பாப்ப," என்றார். கீரையை அவர் காம்போடு உருவியிருந்தார். வாங்கிச் சரியாக உருவினேன். அதோடு சண்டை முடிந்தது.

தையல் ஆறி, நடக்க முடிந்த முதல் ஞாயிறு கோவிலுக்குப் போனேன். எல்லோரும் என் வயிற்றைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தார்கள். எங்கள் தோட்டத்து வாழைத் தார் ஒன்றைக் காணிக்கை மேஜையில் வைத்து, மேலே சீட்டை வைத்தேன். அக்காவும் வந்திருந்தாள். உள்ளே வர மாட்டாள், வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உபதேசியார் சீட்டை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு மேஜையை விட்டு விலகி என் பெஞ்சுக்கு வந்து மெதுவாகக் கேட்டார், "பேரு மட்டும்தானே இருக்கு. காரணம் எழுதலையேம்மா?"

உயிர் பிழைத்ததற்காக என்று எழுதலாம். வீட்டில் அதை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கிழித்துப் போட்டேன். பிழைக்காமல் போயிருந்தால் என்ன எழுதியிருப்பேன்?

"காரணம் இல்லைங்கய்யா," என்றேன். "இந்தத் தடவ பேரு மட்டும் வாசிங்க."

அவர் மேஜைக்குத் திரும்பிப் போய்க் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஞானம்மாள் ஆசீர்வாதம்," என்று வாசித்து நிறுத்தினார்.

அதற்குப் பிறகு என்ன வரும் என்று சபை காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. ஆமென் சொல்வதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அமைதியில் வாசல் பக்கத்திலிருந்து என் அக்கா, தனக்குத் தெரிந்த ஒரே சபை வார்த்தையை, முதல் ஆளாகச் சொன்னாள்.